ஐந்து காய்ப்புக்குப் படித்தவன்

சகாயநாதனின் படிப்புக்கு ஆன செலவை ரூபாயில் சொன்னால் ஊரில் யாருக்கும் உறைக்காது. காய்ப்பில் சொன்னால் உறைக்கும். ஐந்து காய்ப்பு.

கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி போகும் சாலையில், மாதா கோவிலையும் கன்னியர் மடத்தையும் ஒட்டி வளர்ந்த ஊர் அது. அங்கே பணமுடை வந்தவர்கள் நிலத்தை எழுதிக் கொடுப்பதில்லை, மாமரத்தைக் கொடுப்பார்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த மெஹபூப் பாஷா ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுவார். பேசிய காய்ப்புகள் தீரும்வரை மரத்தில் விளைவதெல்லாம் அவருக்கு. வட்டி என்று தனியாக எதுவும் இல்லை. தீர்ந்ததும் மரம் திரும்பி வந்துவிடும். ஆனால் பேச்சு வருடத்தில் நடக்காது, காய்ப்பில்தான் நடக்கும். மாமரம் ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் இளைப்பாறும். இளைப்பாறிய வருடமும், பூவிலேயே மழையடித்துக் கொட்டிப்போன வருடமும் கணக்கில் சேராது. ஐந்து காய்ப்பு தீரப் பத்து வருடம் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பணத்தைக் கைநீட்டி வாங்கும் அன்று மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது.

சகாயநாதனின் தகப்பனார் யேசுராஜ் முதலில் மூன்று காய்ப்புதான் பேசினார். மகன் சென்னையில் ஐந்து வருட டிசைன் படிப்பில் சேர்ந்தான். கல்லூரிக் கட்டணம் பெரிதில்லை. விடுதியும், சாயமும், தூரிகையும், வெளிநாட்டுத் தாளும்தான் பணத்தை விழுங்கின. மூன்றாம் வருடம் யேசுராஜ் மறுபடி மண்டிக்குப் போய் இன்னும் இரண்டு காய்ப்பைச் சேர்த்துவிட்டு வந்தார். அதன்பிறகு வீட்டில் ஊறுகாய் போடுவதென்றால், சொந்த மரத்தடியில் நின்று பாஷாவின் காவல்காரனிடம் காசு கொடுத்து மாங்காய் வாங்கினார்கள். யேசுராஜ் அதைக் குறையாக நினைக்கவில்லை. "மரம் எங்க போயிருது? எம் புள்ள வேரோட வளர்றான்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் படிப்பு முடிந்தது. பெங்களூரில் ஒரு துணி மில்லில், டிசைன் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. வேலையின் பெயர் டிரேஸர். வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரிப் புத்தகத்தில் உள்ள பூவையும் கொடியையும் கட்டம் போட்ட தாளில் சதுரத்துக்குச் சதுரம் நிரப்பித் தறிக்கு அனுப்ப வேண்டும். பூவை வளைக்கக் கூடாது, இலையைக் கூட்டக் கூடாது. சொந்தமாக ஒரு கோடு இழுத்தால் அந்தத் தாள் வீண். இதற்கு மாதம் நூற்று நாற்பது ரூபாய்.

அந்தத் தொகையை அவன் ஊரில் மறைத்தான் என்று சொல்ல முடியாது. அவனாக ஒரு தொகையையும் சொன்னதில்லை. வேலையில் சேர்ந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸில், பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றிருந்தபோது யாரோ சம்பளம் என்ன என்று விசாரித்தார்கள். அவன் வாய் திறப்பதற்குள் யேசுராஜ், "அஞ்சு வருஷப் படிப்பு! முந்நூறுக்குக் கொறையுமா?" என்று சொல்லிவிட்டு மகன் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. பதில் வேண்டாம் என்ற கெஞ்சலும் இருந்தது. சகாயநாதன் சிரித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. அடுத்த வருடம் அது தானாகவே முந்நூற்றைம்பது ஆயிற்று. ஊர் அவனுக்குச் சம்பள உயர்வு கொடுத்திருந்தது.

பொய் சொன்னவனுக்கு ஒரு வசதி உண்டு. தான் சொன்ன வார்த்தை எது என்று அவனுக்குத் தெரியும், வேண்டுமென்றால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். சும்மா இருந்தவன் எதைத் திருப்பி எடுப்பான்? பெங்களூரில் அறையைப் பகிர்ந்துகொண்டவனிடம் கைமாற்று வாங்கிக்கொண்டுதான் அவன் திருவிழாக்களுக்கு ஊருக்கு வந்தான்.

அறுபத்தெட்டு ஏப்ரலில் ஈஸ்டருக்கு வந்து இறங்கியபோது, பஸ் நிற்குமிடத்தில் டீக்கடை வைத்திருந்த கங்கப்பன் வழக்கம்போல் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா, பெங்களூர் சௌகாரே! நம்மூருப் பக்கம் காத்து அடிச்சுதா?"

"ஒரு டீ போடுங்க, கங்கப்பண்ணே."

"போடறேன். முந்நூத்தம்பது வாங்கறவன் ஒத்த டீ சொல்றானே! கடைல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்லுவான்னு பாத்தா."

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சகாயநாதனும் சிரித்தான். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

"அன்னமேரி டீச்சர் ரெண்டு தரம் வந்து கேட்டுட்டாங்க, நீ எப்ப வருவேன்னு" என்றார் கங்கப்பன். "அவங்க பொண்ணையும் உன் படிப்புக்கு அனுப்பறதா பேச்சு. மரத்தப் பாக்க பாஷா பாய் நேத்துதான் வந்துட்டுப் போனாரு."

சகாயநாதன் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தான்.

அன்னமேரி மடத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சகாயநாதனும் அவளிடம் படித்தவன்தான். கணவர் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பதினான்கு மாமரங்கள், தன் சம்பளம், மேரிராணி என்ற ஒரே மகள். மேரிராணி பள்ளிப்படிப்பு முடித்துவிட்டு மடத்துத் தையல் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். கன்னியர்கள் பூவேலை செய்து விற்கும் மேசை விரிப்புகளுக்கும் தலையணை உறைகளுக்கும் துணியில் படம் வரைந்து கொடுப்பது அவள் வேலை.

ஈஸ்டர் மதியம் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அன்னமேரி மகளைப் பார்த்து, "கொண்டா, அண்ணனுக்குக் காட்டு" என்றாள். மேரிராணி ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து பிரித்து வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

முதல் நாலைந்தில் விசேஷமில்லை. ரோஜா, திராட்சைக் கொத்து, புறா. மடத்தில் கேட்டதை வரைந்திருந்தாள். சகாயநாதனுக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. அடியில் இருந்த மேசை விரிப்பைக் கையில் எடுத்தபோது அந்த நிம்மதி போய்விட்டது.

அதில் பூ இல்லை. நான்கு பக்கமும் கரையாக ஓடியது தண்ணீர். கிருஷ்ணகிரி அணையில் மதகு திறந்ததும் தண்ணீர் முதலில் வழவழவென்று கண்ணாடிபோல் வளைந்து, பிறகு உடைந்து நுரைத்து, பிறகு மறுபடி ஒன்றாகச் சேர்ந்து போகுமே, அதை மூன்றே விதமான கோடுகளில் பிடித்திருந்தாள். அவன் கண் விரிப்பின் மூலைக்குப் போயிற்று. கரை வரைகிறவன் மூலையில்தான் அகப்பட்டுக்கொள்வான். நேராக ஓடி வருகிற வடிவம் அங்கே திரும்பியாக வேண்டும். தெரியாதவர்கள் வெட்டி ஒட்டிவிடுவார்கள். அல்லது ஒரு பூவை வைத்து மறைப்பார்கள். கல்லூரியில் இந்த ஒன்றுக்காக அவனை ஒரு வருடம் படுத்தியிருந்தார்கள். இவள் மூலையில் தண்ணீரைப் பாறையில் மோதவிட்டிருந்தாள். மோதினால் தண்ணீர் எப்படித் திரும்புமோ அப்படித் திரும்பியிருந்தது.

"இத யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டான்.

"யாரும் சொல்லிக்குடுக்கலண்ணா. சிஸ்டர் இது வேணான்னுட்டாங்க. பூ இல்லாம யாரு வாங்குவான்னாங்க."

அன்னமேரி நாற்காலியை இழுத்து அவனெதிரே போட்டுக்கொண்டாள். வகுப்பில் பெருக்கல் நடத்துகிற அதே குரலில் பேசினாள்.

"நல்லா கேட்டுக்க சகாயம். பாஷா பாய் நாலு காய்ப்பு கேக்கறாரு. நடுவுல பத்தலன்னா இன்னும் ஒண்ணு ரெண்டு ஆவும், உனக்கு ஆன மாதிரி. நானும் அத ஒத்துக்கறேன். நீ இப்ப முந்நூத்தம்பது வாங்கற. ஆம்பள சம்பளம் பொம்பளைக்குக் குடுக்க மாட்டாங்க. அதனால பாதின்னு வெச்சுக்கிட்டேன். பாதி வந்தாலே நூத்தி எழுவத்தஞ்சு. நான் இருவது வருஷமா வாங்கறதவிட ஜாஸ்தி. மரம் போனா போவுது, அவ நின்னுடுவா. என் கணக்குல எங்கனா தப்பு இருந்தா சொல்லு."

அவளுடைய கணக்கில் தப்பே இல்லை. எல்லாவற்றையும் குறைத்துத்தான் போட்டிருந்தாள். அவள் குறைத்துப் போட்ட பாதிகூட அவனுடைய முழுச் சம்பளத்தைவிட முப்பத்தைந்து ரூபாய் அதிகம்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது கங்கப்பன் கடைக்குப் போய்விடும். அங்கே தினமும் உட்கார்ந்திருப்பவர் யேசுராஜ். சரி என்று தலையாட்டலாம். ஆட்டினால் பதினான்கு மரமும் ஒரு பொய்க் கணக்கின்மேல் போகும். அந்த அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருப்பதை அவன் அப்போது கண்டான். தன் மானமும் போகாது, அவர்கள் மரமும் போகாது. இப்படி ஒரு வழி கண்ணில் படும்போது அது நல்ல வழிபோலவே இருக்கும்.

அவன் விரிப்பை மடித்தான்.

"டீச்சர், நான் மனசுல பட்டத சொல்லட்டுங்களா?"

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"பாக்க அழகாத்தான் இருக்கு. மடத்துக்குப் போதும். அந்தப் படிப்புக்கு இந்தக் கை போதாதுங்க. இதோ, இந்த மூலை. இங்க கரை திரும்பவே இல்ல, சும்மா ஒடஞ்சு நிக்குது. இது பழக்கத்துல வராது. பொறவியிலயே இருக்கணும்."

அவளிடம் எது சிறந்ததோ அதையே தேடிப்பிடித்துக் குறை சொன்னான். வேறு குறை அவனுக்குக் கிடைக்கவில்லை. மேரிராணி சுவரோரம் இருந்து வந்து விரிப்பை எடுத்து மூலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஆமாண்ணா" என்றாள்.

அன்னமேரியின் முகம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் எழுந்து அவன் தோளைத் தட்டினாள். "நல்ல வேள, கேட்டேன். வேற ஒருத்தன்னா நமக்கென்னன்னு தலையாட்டிட்டுப் போயிருப்பான்."

மறுவாரமே அவள் பாஷாவிடம் மரம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். மேரிராணிக்கு ஆசிரியைப் பயிற்சிக்கு மனு போட்டாள். ஊரில் சகாயநாதனுக்குப் புதிதாக ஒரு பெயர் கிடைத்தது. முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லுகிறவன் என்று சாமியார்கூடப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் பாராட்டினாராம். யேசுராஜ் ஒருவரைக் கொண்டு இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார். மில்லில் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தவன் அந்தக் கடிதத்தை இரண்டாக மடித்துத் தாள்களுக்கு அடியில் வைத்தான். பதினான்கு மரத்தைக் காப்பாற்றினேன் என்று தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டான். அது உண்மையும்கூட. விளைவு நல்லதாக இருந்துவிட்டால் செயல் சுத்தமாகிவிடும் என்பது உண்மையானால் அவனால் அன்றைக்கே தூங்கியிருக்க முடியும்.

செப்டம்பரில் மாதா திருவிழா. ஊருக்குப் போனவன் கோவிலுக்குப் பின்னால் தேர் ஜோடிக்கிற இடத்துக்கு வந்தான். வருடா வருடம் தேரின் நான்கு பக்கத் துணிக்கும் படம் வரைவது மேரிராணி. இந்த வருடம் கடையில் வாங்கிய ஜிகினாத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூனில் ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்து, திருவிழாவுக்கு வந்திருந்த அவள் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ வரையலயா?"

"இல்லண்ணா. துணி விரிச்சேன். மூலைக்கு வந்ததும் நீங்க சொன்னது கண்ணுக்கு முன்னால நிக்குது. எல்லாம் ஒடஞ்சதாத்தான் தெரியுது. முன்னெல்லாம் எப்பிடித்தான் கூச்சமில்லாம வரைஞ்சனோ." அவள் மனக்கசப்போடு சொல்லவில்லை. தெரியாமல் இருந்த ஒன்றைத் தெரிவித்தவனிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னாள். "நீங்க சொல்லலன்னா மெட்ராஸ் போயி அசிங்கப்பட்டிருப்பேன்."

அவளைக் கோவில் சுவரோரமாகத் தனியே அழைத்தான்.

"மேரி, அந்த மூலை நல்லா இருந்துச்சு. என் கூடப் படிச்சவங்க ஒருத்தராலயும் அத அப்பிடித் திருப்ப முடியாது. என்னாலயும் முடியாது."

அவள் சிரித்தாள். "ஆறுதலுக்குச் சொல்றீங்க. வேணாண்ணா, நான் ஒண்ணும் அழுதுட்டு இல்ல."

உண்மை இப்போது வெறுமனே சொன்னால் செல்லாது என்பது அவனுக்குப் புரிந்தது. ஏன் பொய் சொன்னான் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் செல்லும்.

"எனக்கு முந்நூத்தம்பது இல்ல. நூத்தி நாப்பது. டிசைன் போடற வேலையும் இல்ல. யாரோ போட்டத எடுத்து எழுதற வேல. உங்கம்மா கணக்கு சொன்னப்ப அத சொல்ல வாய் வரல. அதான் உன் கையக் கொற சொன்னேன்."

மேரிராணி பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். விரலில் காய்ந்திருந்த பசையை ஒவ்வொன்றாக உரித்தாள்.

"நூத்தி நாப்பதுன்னு சொல்லியிருந்தா வேணாம்னு முடிவு பண்ணியிருப்போமோ என்னவோ" என்றாள். "இல்ல, போவட்டும்னும் சொல்லியிருப்போம். அது எங்க கணக்குண்ணா. எங்கம்மா நல்லாப் போடுவாங்க. நீங்க ஏன் எங்க கணக்கப் போட்டீங்க?"

அவன் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பைப் பார்த்தான்.

"உங்க நைனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு பஸ் ஏறலாம்னு வந்தீங்களா?"

அப்படித்தான் வந்திருந்தான் என்பது அவள் கேட்ட பிறகே அவனுக்குத் தெரிந்தது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தேரிடம் போய்விட்டாள்.

யேசுராஜ் டீக்கடையில் நடுப்பெஞ்சில் இருந்தார். திருவிழாவுக்கு வந்த வெளியூர் உறவினர்கள் இரண்டு பேரும் உடன் இருந்தார்கள். சகாயநாதன் அவரைத் தனியாகக் கூப்பிட நினைத்தான். கூப்பிட்டால் நாளைக்கு என்று தள்ளிப்போடுவான் என்று தோன்றியது. அங்கேயே நின்று சொன்னான்.

"நைனா, எனக்குச் சம்பளம் நூத்தி நாப்பது."

கங்கப்பன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். யேசுராஜ் மகனைப் பார்த்தார். பிறகு, சேற்றில் ஊன்றக் கல் தேடுகிறவரைப்போல மெதுவாகக் கேட்டார்: "எல்லாம் புடிச்சது போகத்தானே?"

"இல்லீங்க. புடிச்சா இன்னும் கொறையும்."

யாரும் கேலி பேசவில்லை. கங்கப்பனிடம் ஒரு கேலி இல்லாமற்போனது அன்றைக்குத்தான். அது கேலியைவிட மோசமாக இருந்தது. யேசுராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். டீச்சரிடம் அவன் என்ன சொன்னான், ஏன் சொன்னான் என்பதைச் சாலையில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்னமேரி வீட்டுப் பக்கம் திரும்பினார். அவனுக்கு நாலடி முன்னால் நடந்தார்; இடையில் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேரிராணி முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். அன்னமேரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது வாசலிலேயே தெரிந்தது. வாங்க என்று சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். தோளைத் தட்டியவளின் முகம் அது இல்லை.

"டீச்சரம்மா" என்று யேசுராஜ் தொடங்கினார். "முந்நூறுன்னு சொன்ன வாயி என்னுது. அவன் சொல்லல."

"அவன் சொல்லலதான்" என்றாள் அன்னமேரி. "சொல்லாததுக்குத்தான் கேக்கறேன்."

பிறகு அவள் நாற்காலியை அன்றைக்கு இழுத்த மாதிரியே இழுத்து அவனெதிரே போட்டாள்.

"டிரெயினிங்குக்கு இந்த வருஷப் பணம் கட்டியாச்சு. அது திரும்பாது. அடுத்த ஜூனுல மெட்ராஸ் காலேஜுல சேர்க்கறதுன்னா இன்னும் நாளிருக்கு. அனுப்புவேன்னு சொல்லல. கணக்க மொதல்லேருந்து போடப்போறேன். விடுதிக்கு எவ்ளோ, சாயத்துக்கு எவ்ளோ, பெங்களூருல ரூமுக்கு எவ்ளோ, மாசக் கடைசியில கையில என்ன நிக்குது. ஒண்ணு விடாம சொல்லு."

சகாயநாதன் சொல்லத் தொடங்கினான். சென்னைச் செலவு வரைக்கும் குரல் சரியாக இருந்தது. பெங்களூருக்கு வந்ததும் தடுமாறியது. அறை வாடகையில் பாதி, மெஸ், பஸ். ஊருக்கு வருகிறபோதெல்லாம் வாங்கிய கைமாற்று, அதை அடைக்க அடுத்த மாதம் விட்ட ராச்சாப்பாடு. யேசுராஜ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மகன் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கொண்டுவந்த கேக்கும் வேட்டியும் எதிலிருந்து வந்தன என்பதை அவர் இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சகாயநாதனுக்கு நடுவில் ஒன்றிரண்டைக் குறைத்துச் சொல்லலாம் என்று தோன்றாமலில்லை. எதிரே இருந்தவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். குறைத்தால் கூட்டலில் இடிக்கும்.

உள்ளறைக் கதவோரம் மேரிராணி வந்து நின்றது அப்போதுதான்.

"உங்க கிளாஸ்ல பொண்ணுங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள். அண்ணா என்று சொல்லவில்லை.

"இருந்தாங்க. மூணு பேரு."

"நல்லா போடுவாங்களா?"

"ஒருத்தி ரொம்ப நல்லா போடுவா."

"இப்ப எங்க வேலைல இருக்காங்க?"

ஐந்து வருடம் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வரைந்தவர்கள். அந்த மூவரில் ஒருத்தியைப் பற்றியும் அவன் அதன்பின் விசாரித்ததில்லை. தன் சம்பளத்தை மறைக்கிறவன் இன்னொருவர் சம்பளத்தை எங்கே கேட்பான்?

"தெரியல" என்றான்.

"கேட்டு எழுதுங்க" என்றாள் மேரிராணி. "அது தெரியாம அம்மாவால கணக்கு போட முடியாது."